பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு மண்டபத்துக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகர கமிட்டியில் இருக்கும் அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும்,

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கைக் கணக்குக்கும் ஓய்வுநாள் பள்ளி அறிவிப்புக்கும் நடுவில் ஒரு அறிவிப்பு வாசித்தீர்கள். நம் ஊர்த் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இந்தக் கல்வியாண்டோடு பள்ளியை நிறுத்தப்போவதாகவும், அந்த இடத்தில் சபைக்கு வருமானம் வரும்படி ஒரு திருமண மண்டபம் கட்டப்போவதாகவும், மண்டபத்துக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைக்கத் தீர்மானித்திருப்பதாகவும் அதில் இருந்தது. கடைசி வரி எங்களுக்குச் சந்தோஷத்தைக் கொடுக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பேசிவிட்டோம். அம்மாவின் பெயரை அந்த மண்டபத்துக்கு வைக்க எங்களுக்குச் சம்மதம் இல்லை. பள்ளியை மூடுவதிலும் சம்மதம் இல்லை. நேரில் வந்து கேட்டபோது "பார்க்கலாம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை, அதனால்தான் ஊரே படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்களில் பாதிப்பேருக்குக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியது அம்மாதான், அதனால் அவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடக்க ஆராதனையில் நீங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெபவீராங்கனை என்றீர்கள், விசுவாசத் தாய் என்றீர்கள், கோயிலுக்கு ஒரு ஞாயிறும் தவறாதவர் என்றீர்கள். எல்லாம் உண்மை. அவர் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தார் என்பதை மட்டும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதைச் சொல்லியிருந்தால் இப்படி ஒரு தீர்மானம் போட மனம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்து 1968-இல் அம்மா இந்தப் பள்ளிக்கு வந்தபோது ஊரில் பெரும்பாலான வீடுகள் பனையேறிகளின் வீடுகள். பங்குனி பிறந்தால் போதும், தேரிக்காட்டில் விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டுக் குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள், ஆடி வரைக்கும் பதனீர் காலம். கோடை விடுமுறைக்கு முந்தின வாரங்களிலும் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் வகுப்பில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். அம்மா சாயங்காலம் பள்ளி விட்டதும் அந்தச் செம்மணலில், கால் பொசுக்கும் சூட்டில், விடிலி விடிலியாக நடப்பார். கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருக்கும் பெண்கள், "புள்ளைய அனுப்பிட்டா அடுப்ப யாரு டீச்சர் பாப்பா, பதினி பொங்கிரும்லா" என்பார்கள். அம்மா சண்டை போட மாட்டார். கூடையிலிருந்து சிலேட்டை எடுத்து அந்தப் பனை நிழலிலேயே உட்கார்ந்துவிடுவார். அடுப்புக்கு ஓலை தள்ளிக்கொண்டே வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்து நம் ஊரில்தான் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

பெண்பிள்ளைகள் வராததற்குக் காரணம் அநேகமாக வீட்டில் இருக்கும் கைக்குழந்தைதான். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காதான் வீட்டில் இருக்க வேண்டும். அம்மா தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒன்றாம் வகுப்பு உத்தரக்கட்டையில் பழைய சேலையில் ஒரு தொட்டில் எப்போதும் தொங்கும். ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து இது பள்ளிக்கூடமா பிள்ளை வளர்க்கும் இடமா என்று கோபப்பட்டபோது, "இந்தத் தொட்டிலை அவிழ்த்தால் அந்தப் பிள்ளை நாளைக்கு வராது ஐயா" என்று அம்மா சொன்னதாகவும், அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாகவும் அப்போது கூட வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தைகளில் ஒருவர் இன்று உங்கள் கமிட்டியில் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும், அவருடைய அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆண்பிள்ளைகள் விஷயத்தில் வேறு போராட்டம். ஐந்தாம் வகுப்பு முடியும் முன்பே மெட்ராசுக்கோ மதுரைக்கோ மளிகைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள், சாப்பாடும் கிடைக்கும் மாதம் கொஞ்சம் பணமும் வரும் என்று. பையனைக் கூட்டிப்போக ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்தால் அம்மா ராத்திரியானாலும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். எல்லா வீட்டிலும் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. ஜெயித்த வீடுகளிலிருந்துதான் பிற்பாடு நர்ஸ் வந்தார்கள், வங்கி அதிகாரி வந்தார், குருவானவர்கூட வந்தார்.

கோயில் காரியத்துக்கு வருவோம், அதுவும் சொல்ல வேண்டியதுதான். சம்பளம் வாங்கிய அன்று சாயங்காலம் அம்மா முதலில் எடுத்து வைப்பது கோயிலுக்கான பத்தில் ஒரு பங்கு, தசமபாகம். அது போக மீதியில்தான் அரிசி, பால், எங்கள் பீஸ் எல்லாம். 36 வருஷம் வேலை பார்த்தார், அதற்கப்புறம் பென்ஷனிலும் சாகும் வரை அதே பழக்கம். ரசீதுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வீடு வீடாகப் போய்க் கைப்பிடி அரிசி சேர்த்தது அம்மாவும் அவருடைய தோழிகளும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்திருப்பார்கள், அதைச் சேர்த்து விற்ற காசில்தான் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு முதல் கழிப்பறை கட்டினார்கள். கோயில் விருந்தான அசனத்துக்கு முந்தின ராத்திரி காய் நறுக்குகிற கூட்டத்துக்கு அம்மாதான் தலைமை. ஆனால் கமிட்டியில் ஒருமுறைகூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பள்ளியை மூடத் தீர்மானம் போட்ட கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? அங்கே பிள்ளைகளை அனுப்புகிற தாய்மாரில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா?

எங்கள் வீட்டில் அம்மா எப்படி இருந்தார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், கடைசித் தம்பி பள்ளிக்குப் போகும் வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் நால்வரையும் வளர்த்தது, அத்தைமார் இருவரையும் கட்டிக்கொடுத்தது, சித்தப்பா பிள்ளைகளையும் மாமா பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தது எல்லாம் அந்த ஒரு சம்பளம். எங்கள் சொந்தத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தால் முதல் கேள்வி "பெரியம்மாகிட்ட சொல்லியாச்சா" என்பதுதான். பெரியம்மா கேட்கிற முதல் கேள்வி "பிள்ளை படிப்ப முடிச்சிட்டாளா?" முடிக்கவில்லை என்றால் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுவார், மாப்பிள்ளை வீட்டாருக்கு அவரே கடிதம் எழுதுவார். அப்படி அம்மாவின் கடிதத்தால் தள்ளிப்போன கல்யாணம் எங்கள் குடும்பத்தில் பல, எதுவும் கெட்டுப்போகவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் எங்கள் பெயர்களைச் சொல்லி முடித்ததும் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார், அன்றைக்கு யார் யார் வரவில்லையோ அவர்களை முதலில். எங்களுக்குத் தூக்கம் சொக்கும். அம்மா ஒரு பெயரையும் விட மாட்டார்.

2004-இல் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ ஓலைக்கூரைக்குத் தாவியது என்ற செய்தியைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நம் பள்ளியிலும் அப்போது சத்துணவுக் கொட்டகை ஓலைதான், ஒன்றாம் வகுப்புச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அன்றைய நிர்வாகத்திடம் போனார், நிதி இல்லை என்று பதில் வந்தது. சரி என்று வீட்டுக்கு வந்து பழைய மாணவர்களுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதினார். பம்பாயிலிருந்து, மெட்ராசிலிருந்து, மஸ்கட்டிலிருந்து பணம் வந்தது. ஓலையைப் பிரித்து, அடுப்பை வகுப்புக்குத் தூரமாக மாற்றி, மேலே தகரம் போட்டார்கள். கணக்கை ஒரு நோட்டில் பைசா சுத்தமாக எழுதிக் கமிட்டியிடம் ஒப்படைத்தார். இப்போது "நிர்வாகத்தின் கட்டடம்" என்று அறிவிப்பில் வாசித்தீர்களே, அதில் அந்தத் தகரமும் அந்தக் கைப்பிடி அரிசியும் இருக்கின்றன.

இனி நீங்கள் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் குறைந்துவிட்டது உண்மை, நான் மறுக்கவில்லை. தமிழ்நாடு முழுக்கவே பிறப்பு குறைந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைதான் நம் மாநிலத்தில். பனைத்தொழில் போய்விட்டது, இளவட்டமெல்லாம் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் போய்விட்டது. ஆனால் நம் தெருவில் இருக்கிற பிள்ளைகளாவது இந்தப் பள்ளிக்கு வருகிறார்களா என்று பாருங்கள். காலையில் எட்டு மணிக்கு ஒரு மஞ்சள் வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த வேன் யாருடையது? இதே நிர்வாகம் நடத்தும் ஆங்கில வழிப் பள்ளியின் வேன். பீஸ் கட்டுகிற பள்ளிக்கு நீங்களே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டு, பீஸ் இல்லாத பள்ளியில் பிள்ளை இல்லை என்று நீங்களே கணக்குக் காட்டினால் அதை நாங்கள் எப்படி ஏற்றுக்கொள்வது?

அரசு உதவி பெறும் பள்ளி இது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் அரசாங்கம். 2024 ஜூலை 15-லிருந்து ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது, உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சூடாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் வகுப்பில் உட்காருகிறார்கள். நிர்வாகத்தின் பொறுப்பு கட்டடத்தைப் பராமரிப்பதும் காலிப் பணியிடத்தை நேரத்துக்கு நிரப்புவதும்தான். இரண்டுமே நடக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் மழை ஒழுகுகிறது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு ஆசிரியர் ஓய்வு பெற்று எவ்வளவு காலம் ஆகிறது, அந்த இடம் இன்னும் காலி. ஏன் காலியாக இருக்கிறது என்று டீக்கடையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் காதுக்கும் வந்திருக்கும், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர், கூரை ஒழுகுகிறது, பெண்பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை என்றால் எந்தத் தாய் அனுப்புவாள்? அப்படி இருந்தும் அனுப்புகிறார்கள் என்றால் அவர்களுக்கு வேறு வழியில்லை என்று அர்த்தம். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கிற கிழவிகள், இவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று அங்கே மிஞ்சியிருப்பது.

அடுத்த பள்ளி இருப்பது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். திருச்செந்தூர் போகிற பஸ்ஸும் லாரியும் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை தனியாக அதைத் தாண்ட வேண்டும். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்வது இதற்காகத்தான். நம் பள்ளி போய்விட்டால் அந்தக் கிழவிகள் பிள்ளைகளை ரோடு தாண்ட விட மாட்டார்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அம்மா விடிலி விடிலியாக அலைந்தது இதைத் தடுக்கத்தான்.

கமிட்டியில் ஒருவர், "இப்போ படிக்கிற பிள்ளைகளில் பாதி நம்ம சபைப் பிள்ளைகளே இல்லையே" என்று சொன்னாராம். சொன்னது உண்மையாக இருந்தால் அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலிக்கிறது. சபைப் பிள்ளையா இல்லையா என்று அம்மா வருகைப் பதிவேட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. நம் முன்னோரும் பார்த்ததில்லை. மிஷனரி கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது 1841-இல், அங்கே கோயில் பிரதிஷ்டை ஆனது 1880-இல். கோயில் எழும்பி முடியும் முன்பே அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது, அவர் மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். நம் பக்கத்தில் எத்தனையோ ஊர்களில் வாரநாளில் பள்ளிக்கூடமாக இருந்த கூரைதான் ஞாயிற்றுக்கிழமை கோயிலாக இருந்தது. அங்கே வந்து உட்கார்ந்தவர்களிடம் முதல் நாளே நீ எந்தச் சபை என்று கேட்டிருந்தால் நம் தாத்தா பாட்டிமாரில் பலர் படித்திருக்கவே மாட்டார்கள்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது. சாராள் தக்கர் என்ற அந்தப் பெண் இந்த மண்ணை மிதித்ததே இல்லை, இங்கிலாந்தில் இருந்துகொண்டே நம் பெண்பிள்ளைகளின் படிப்பில் அக்கறை காட்டியவர். அவர் நினைவாக நம் பெரியவர்கள் ஒரு பெண்ணின் பெயரைத் தூக்கி வைத்தது பள்ளிக்கூடத்தின் மேல். நீங்கள் பள்ளிக்கூடத்தை இடித்த இடத்தில் வாடகைக்கு விடும் மண்டபத்தின் மேல் ஒரு டீச்சரின் பெயரை வைக்கிறேன் என்கிறீர்கள். சபைக்கு வருமானம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது, மண்டபம் கட்டுவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை, சபைக்கு வேறு இடமும் இருக்கிறது. அந்தப் பள்ளி நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கு என்றே ஊரார் எழுதிக்கொடுத்ததாக அம்மா சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம்.

அதனால் நாங்கள் கேட்பது இவைதான். பள்ளியை மூடும் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள், மூடப்போவதாக அறிவித்தது போலவே ஞாயிறு ஆராதனையில் ரத்து செய்ததையும் அறிவியுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரையும், வட்டாரக் கல்வி அலுவலரையும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரையும் வைத்து ஒரு கூட்டம் போடுங்கள், பள்ளி வளாகத்திலேயே போடுங்கள். அந்தக் கூட்டத்தில் நிலத்தின் பத்திரத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள். காலிப் பணியிடத்தை ஜூன் மாதத்துக்குள் நிரப்புங்கள், யாரிடமும் எதுவும் வாங்காமல், தகுதி பார்த்து, எல்லோருக்கும் தெரியும்படி நிரப்புங்கள். நம் தெருவுக்கு வரும் வேனில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் தாளாளர் ஐயாவும் கமிட்டியாரும் எங்களோடு சேர்ந்து வீடு வீடாக வந்து இந்தப் பள்ளிக்குப் பிள்ளை கேளுங்கள்.

கூரையையும் கழிப்பறையையும் பள்ளி திறக்கும் முன் சரிசெய்ய வேண்டும். அதற்கு நிதி இல்லை என்றால் சொல்லுங்கள், அம்மாவின் நினைவுக்காக நாங்கள் பிள்ளைகள் எடுத்து வைத்திருக்கும் பணத்தை அதற்குத் தருகிறோம், பழைய மாணவர்களும் தரத் தயாராக இருக்கிறார்கள், செலவுக் கணக்கை மட்டும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மண்டபத்துக்கு என்றால் ஒரு ரூபாயும் வராது. இன்னொன்று, பள்ளி அலுவலக அறையில் இருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை யாரும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. நம் ஊரில் வயதானவர்கள் பலருக்குப் பிறந்த தேதிக்கு அதுதான் ஒரே ஆதாரம், முதியோர் பென்ஷனுக்கு அலைகிறவர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். அவற்றைப் பூட்டுப் போட்ட அலமாரியில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று தலைமையாசிரியர் எழுத்தில் கொடுக்கட்டும்.

இந்தக் கடிதத்தின் அச்சுப் பிரதி ஒன்றில் நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டு, பெற்றோர்களின் கையெழுத்தோடு தாளாளர் ஐயாவின் அலுவலகத்தில் கொடுக்கிறோம், பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்துத் தாருங்கள். பதிலை எங்கள் வீட்டுக்கு வந்து வாய்மொழியாகச் சொல்ல வேண்டாம். கமிட்டியின் மினிட் புத்தகத்தில் எழுதி, யார் ஆதரித்தார்கள் யார் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்து, ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.

இப்படிக்கு,
டீச்சரின் மூத்த மகள், இந்தப் பள்ளியின் பழைய மாணவி